16 கிலோமீட்டருக்கு அப்பால்: டெல்டா வழியே ஒரு பயணக் குறிப்பு

திங்கள் – திருச்சி, கல்லணை

கூடங்குளத்திலிருந்து தஞ்சாவூர் நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீட்டர். கல்பாக்கத்திலிருந்து நாகப்பட்டினம் சுமார் 200. அணுமின் நிலையத்தைச் சுற்றி நம் நாட்டில் வகுக்கும் அவசரகாலத் திட்ட வட்டமோ 16 கிலோமீட்டர்தான். ஆகவே டெல்டா மாவட்டங்களில் அணு அவசரநிலை ஒத்திகை என்று எதுவும் கிராமத்துக்கு வந்து சேர்வதில்லை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் பழகிய ஊர்கள் இவை. கதிரியக்கம் என்றால் "அது கல்பாக்கத்துக்காரங்க கவலை" என்று விட்டுவிடுகிறோம். விடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வெல்டிங் பட்டறையிலும் எண்ணெய்க் கிணற்றிலும் புற்றுநோய் மருத்துவமனையிலும் பெட்டிக்குள் அடைத்துப் பயன்படுத்தும் கதிரியக்க மூலங்கள். இவை உலை இல்லாத ஊரிலும் இருக்கும், லாரியில் பயணம் போகும், சில நேரம் தொலையும். இன்னொன்று சோறு. உலையில் பெரிய விபத்து நேர்ந்தால் வெளியேற்ற வேண்டிய தூரம் சில பத்து கிலோமீட்டர்தான்; உணவுக்கும் பாலுக்கும் கட்டுப்பாடு யோசிக்க வேண்டிய தூரமோ, பெரிய உலைகளுக்கு 300 கிலோமீட்டர் வரை என்கிறது சர்வதேச அணுசக்தி முகமை. கூடங்குளத்தை மையமாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் பேராவூரணிப் பக்கத்து வயல்கள் உள்ளே வந்துவிடுகின்றன.

திருச்சியில் தொடங்குவதற்குக் காரணம் வெல்டிங். கொதிகலன், குழாய், அழுத்தக் கலன் செய்யும் ஊர். இணைப்பு உள்ளே சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகத்தை வைத்துப் படம் எடுப்பார்கள்; இதுதான் ரேடியோகிராபி. தொழிலில் அந்தக் கருவிக்குப் பெயர் 'கேமரா'. கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி. தூக்கினால் 20 கிலோவுக்கு மேல். உள்ளே கவசமாக இருப்பது செறிவு குறைக்கப்பட்ட யுரேனியம். அதன் நடுவே சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குப்பி, ஒரு சாண் நீளக் கம்பிவடத்தின் நுனியில். பின்பக்கம் கைச்சக்கரத்தைச் சுற்றினால் குப்பி முன்பக்கக் குழாய் வழியாக வெளியே ஓடி, படம் எடுக்கும் இடத்தில் நிற்கும். திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வரும்.

வராமல் போவதுதான் விபத்து. ஓட்டும் வடமும் குப்பியின் வாலும் சரியாகக் கொக்கி மாட்டாதது, குழாய் மடங்கியது, குழாய் மேல் கனமான ஏதோ விழுந்து நசுங்கியது, பூட்டில் மண் ஏறியது என்று காரணங்கள் எளியவை. சக்கரம் முழுக்கச் சுற்றி முடிந்துவிடும்; குப்பி மட்டும் குழாயிலேயே கிடக்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்தபடி கேமராவை நெருங்கி, குழாயின் முழு நீளத்தையும் அளந்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். வேலை தொடங்கும் முன் மீட்டரைக் கேமராவின் மேல் வைத்துப் பாருங்கள்: சுவரைத் தாண்டிக் கொஞ்சம் கதிர் எப்போதும் வரும், முள் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் செத்திருப்பது மீட்டர். உலகத்தில் நடந்த ரேடியோகிராபி விபத்துகளில் பெரும்பாலானவற்றில் மீட்டர் பெட்டியில் இருந்தது, அல்லது பேட்டரி இல்லாமல் இருந்தது, அல்லது பார்க்கப்படவே இல்லை.

1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோவில், புனல்மின் நிலைய வேலையில் கழன்று விழுந்த இரிடியம் மூலத்தை ஒரு வெல்டர் எடுத்துக் காற்சட்டையின் பின் பையில் போட்டுக்கொண்டார். பல மணி நேரம் அது அங்கேயே இருந்தது. உயிர் பிழைத்தார், கால் போயிற்று.

மூலத்தின் வலுவைப் பெக்கரலில் சொல்வார்கள், அதாவது வினாடிக்கு எத்தனை சிதைவு என்று; உடம்பில் படும் கதிரின் அளவைச் சீவர்ட்டில். ஒரு டெராபெக்கரல் (லட்சம் கோடி பெக்கரல்) இரிடியம் என்றால் கணக்கு இப்படி. ஒரு மீட்டரில் மணிக்குச் சுமார் 130 மில்லிசீவர்ட். 10 மீட்டரில் 1.3. 30 மீட்டரில் 0.14, அதாவது 140 மைக்ரோசீவர்ட். தூரம் இரட்டித்தால் கதிர் கால் பங்காகும். விரலால் பிடித்தால் தோல் சேதத்துக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். மூடப்படாத மூலம் கிடப்பதாகச் சந்தேகம் வந்தால் முதலில் செல்வோர் 30 மீட்டர் சுற்றளவில் ஆட்களை விலக்க வேண்டும் என்று சர்வதேச முகமையின் கையேடு சொல்வது ஏன் என்று இந்தக் கணக்கிலேயே தெரியும். மீட்டர் வந்த பிறகு, மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் காட்டும் இடத்துக்கு அந்த எல்லைக் கயிற்றை நகர்த்துகிறார்கள். தரையில் பெருமளவு சிந்தியிருந்தால் 100 மீட்டர். தீயோ வெடிப்போ சேர்ந்திருந்தால் 300. கட்டடத்துக்குள் என்றால் அந்த அறை, பக்கத்து அறைகள், மேல் தளம், கீழ்த் தளம். மீட்டர் வரும்வரை காத்திருக்காமல் கயிறு கட்டலாம் என்பதுதான் இந்த எண்களின் பயன்.

மாலை கல்லணை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தண்ணீர் இங்கே பிரிகிறது. மேட்டூரில் திறந்த நீர் இங்கு வர மூன்று நாளுக்குக் குறையாது. மேலே எங்கோ கதிரியக்கப் பொருள் நீரில் கலந்தது என்றாலும் அளந்து பார்க்க அவகாசம் இருக்கிறது. வேண்டுமானால் பாசன ஆறுகளின் மதகை இறக்கிவிட்டுக் கொள்ளிடத்தில் விடலாம். காற்றில் வரும் படிவுக்கு இந்த அவகாசம் கிடையாது. அப்போது முதலில் மூட வேண்டியவை திறந்த கிணறு, குளம், மழைநீர்த் தொட்டி. ஆழ்துளைக் கிணற்று நீர் பாதுகாப்பானது.

செவ்வாய் – தஞ்சாவூர்

பெரிய கோயில் வளாகத்தில் மீட்டரைத் திறந்தால் ஆற்றங்கரை வயலில் காட்டியதைவிடக் கூடுதலாகக் காட்டும். பதறவேண்டியதில்லை. கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கின்றன. வண்டல் மண்ணில் அதைவிடக் குறைவு. மணிக்கு 0.05 முதல் 0.2 மைக்ரோசீவர்ட் வரை உலகெங்கும் சாதாரணம். ஊருக்கு ஊர் இந்த இயல்பு அளவைப் பதிந்து வைத்திருப்பதுதான் எல்லாத் தயாரிப்புக்கும் அடிப்படை. நெருக்கடி நாளில் 0.15 காட்டினால் அது கூடியதா, எப்போதும் அப்படித்தானா என்று சொல்ல ஆள் வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையம் நாடு முழுக்க வைத்திருக்கும் கண்காணிப்பு வலையமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் மாவட்ட அளவில் தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டரும், அந்த ஊரின் இயல்பு எண் எழுதிய ஒரு சீட்டும் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரிய செலவு இல்லை.

உரக் கடையில் இன்னொரு பாடம். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் 50 கிலோ மூட்டையின் மேல் மீட்டரை ஒட்டி வைத்தால் கிடுகிடுவெனச் சத்தம் கூடும். பொட்டாஷில் பாதிக்குப் பாதி பொட்டாசியம். ஒவ்வொரு கிராம் பொட்டாசியத்திலும் வினாடிக்குச் சுமார் 31 சிதைவுகள் இயற்கையாகவே நடக்கின்றன. ஒரு லாரி நிறைய பொட்டாஷ் துறைமுக வாசலில் உள்ள, கதிர்வீச்சை உணரும் கதவைக் கத்த வைக்கும். செராமிக் ஓடும் கத்த வைக்கும். தைராய்டுக்கு அயோடின்-131 சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் நோயாளியும் கத்த வைப்பார். மணி அடித்ததும் வண்டியை விரட்டிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. விரட்டிய வண்டி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஓரமாக நிறுத்தி, ஓட்டுநரை இறக்கி, வண்டியின் எந்த இடத்தில் கூடுகிறது என்று பாருங்கள். மூட்டை முழுக்கச் சமமாகக் கூடினால் பெரும்பாலும் இயற்கைப் பொருள். ஒரே புள்ளியில் எகிறினால் அது வேறு விஷயம்.

தஞ்சாவூரில் மருத்துவர்கள் அதிகம் என்பதால் மருத்துவத்தை இங்கேயே சொல்லிவிடலாம். கதிர் பட்டவர் வேறு, கதிரியக்கத் தூசி படிந்தவர் வேறு. முன்னவரைத் தொட்டால் நமக்கு எதுவும் வராது. எக்ஸ்ரே எடுத்தவரைத் தொடுவதில் என்ன பயம்? பின்னவருக்கு மேலாடையைக் கழற்றினாலே படிந்ததில் பெரும்பகுதி போய்விடும். கழற்றியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பெயரும் நேரமும் எழுதி, தள்ளி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு. தேய்த்துத் தோலைப் புண்ணாக்கக் கூடாது, புண் வழியாக உள்ளே போகும். ரத்தம் கொட்டுகிறது, மூச்சு திணறுகிறது என்றால் கழுவுவதற்காகக் காத்திருக்கவே கூடாது. போர்வையில் சுற்றி ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். தூசியால் சிகிச்சை செய்பவருக்கு வரும் ஆபத்து சிறிது. தாமதத்தால் நோயாளிக்கு வருவது பெரிது.

முழு உடலுக்கும் எவ்வளவு கதிர் பட்டது என்று ஊகிக்க எளிய வழி வாந்தி. பட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி என்றால் ஏறக்குறைய 1 முதல் 2 கிரே (உடல் உள்வாங்கிய கதிரின் அலகு). ஒன்று முதல் இரண்டு மணிக்குள் என்றால் 2 முதல் 4. ஒரு மணிக்குள் 4 முதல் 6. அரை மணிக்குள் வந்தால் மிகக் கடுமை. பயத்திலும் வாந்தி வரும் என்பதால் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையைச் சில மணிக்கு ஒருமுறை எடுத்து அது எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அது எல்லா அரசு மருத்துவமனையிலும் ஆகக்கூடிய சோதனை. பூச்சிக்கடியும் இல்லை, தீயும் படவில்லை, ஆனால் கையிலோ தொடையிலோ சுட்டாற்போல் கொப்புளம் என்று யாராவது வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பளபளன்னு ஏதாவது இரும்புத் துண்டு கெடைச்சுதா? எடுத்து வெச்சிருந்தீங்களா?"

புதன் – கும்பகோணம், சுவாமிமலை

கும்பகோணம் பித்தளைப் பாத்திரம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை என்று இந்த வட்டாரம் முழுக்க உலோகத்தை உருக்கிப் பிழைக்கும் வட்டாரம். பழைய பித்தளை, செம்பு, ஈயம் எல்லாம் காயலான் கடை வழியாகத்தான் வருகின்றன. கதிரியக்க அவசரநிலை டெல்டாவில் நேரும் என்றால் பெரும்பாலும் அந்தக் கடையில்தான் நேரும். இதைச் சொல்வதால் கடைக்காரர் யாரும் கோபிக்க வேண்டாம். உலகத்தில் இப்படிப்பட்ட விபத்துகளில் முதல் பலி ஆகிறவர்கள் அவர்கள்தான். தடுக்கக்கூடிய இடத்தில் இருப்பவர்களும் அவர்கள்தான்.

1987 செப்டம்பர் 13. பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து பழைய சிகிச்சைக் கருவியின் தலையை இரண்டு பேர் கழற்றி எடுத்துப் போனார்கள். உள்ளே 50.9 டெராபெக்கரல் சீசியம்-137, குளோரைடு உப்பாக. பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளை உறவினர்களுக்குப் பங்கு போட்டார்கள். உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வாந்தி, வயிற்றுப்போக்கு என்று மருத்துவமனைக்குப் போனபோது வேறு ஏதோ நோய் என்று நினைத்தார்கள். ஓர் இயற்பியலாளர் மீட்டரோடு வந்து உண்மையைச் சொன்னது செப்டம்பர் 29. இடையில் 16 நாட்கள். பிறகு விளையாட்டரங்கில் வரிசை நிறுத்தி 1,12,000 பேரைச் சோதித்தார்கள், 249 பேர் மேல் கதிரியக்கம் இருந்தது, நால்வர் இறந்தனர். சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவசரநிலையில் ஆள்பலம் போவது பெரும்பாலும் பயந்து வருகிறவர்களைச் சோதித்து, சமாதானம் சொல்லி, வீட்டுக்கு அனுப்புவதற்குத்தான். திட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்றால் மருத்துவமனை முதல் நாளே முடங்கும்.

நம் நாட்டில் 2010 ஏப்ரல், தில்லி மாயாபுரி. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஏலத்தில் போன கோபால்ட்-60 கருவியைப் பழைய இரும்புச் சந்தையில் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் கதிர்ப் புண்ணோடு படுத்தார்கள். அணு, கதிரியக்க விபத்துகளுக்கான சர்வதேச அளவுகோலில் அது 4-ஆம் நிலை. அந்த அளவுகோலில் மொத்தம் 7 தான்.

உருக்கிவிட்டால் என்ன ஆகும்? மூலத்தைப் பொறுத்தது. எஃகு உலையில் கோபால்ட் உலோகத்தோடேயே கலந்துவிடும். சீசியம் ஆவியாகிப் புகைத் தூசியில் சேரும். அமெரிசியம் கசடில் தங்கும். 1983-இன் முடிவில் மெக்சிகோவின் சியுடாட் குவாரெஸில் ஒரு சிகிச்சைக் கருவியின் ஆயிரக்கணக்கான கோபால்ட் மணிகள் இப்படி உருகிக் கட்டடக் கம்பியாகவும் மேசைக் காலாகவும் போய்விட்டன. அடுத்த மாதம் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வழி தவறி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் பக்கத்தில் போனபோது அங்கிருந்த கருவி கத்தியதால்தான் விஷயமே வெளியே வந்தது.

கடையில் பார்க்க வேண்டியது முதலில் எடை. சொம்பு அளவில் இருக்கும் பொருள், தூக்கினால் கை இறங்குகிறது. ஒரு லிட்டர் கொள்ளளவு ஈயம் 11 கிலோ, யுரேனியம் 19 கிலோ. ஈயத்துக்கு நல்ல விலை என்பதால் வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். அடுத்தது முத்திரை: மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி. 2007-இல் இன்னொரு சின்னமும் வந்தது: சிவப்பு முக்கோணத்தில் கதிர் அலை, மண்டை ஓடு, ஓடும் மனிதன். அதை வெளிப்பெட்டியில் ஒட்டமாட்டார்கள். கவசத்தைப் பிரித்த பிறகு கண்ணில் படும்படி உள்ளே வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் ஏற்கெனவே பிரிக்கக் கூடாத அளவுக்குப் பிரித்துவிட்டீர்கள், போட்டுவிட்டு விலகுங்கள். எழுத்தைச் சுரண்டி, பெயின்ட் அடித்து வந்தால் எடைதான் ஒரே சாட்சி.

எங்கிருந்து வரும்? கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூர் சிமென்ட் ஆலைகள். சிமென்ட், காகிதம், எஃகு ஆலைகளில் குழாய்க்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று வெளியிலிருந்து அளக்கச் சீசியம் வைத்த அளவிகள் உண்டு. ஆலை ஓடும்வரை பொறுப்பாளர் இருப்பார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் உரிமம், கணக்கு எல்லாம் இருக்கும். ஆலை மூடப்பட்டு, கடனுக்காக எந்திரம் ஏலத்துக்கு வரும்போதுதான் பிசகுகிறது. எங்கே மூடிய ஆலை ஏலம் நடந்தாலும் ஏலத்துக்கு முன் 'கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை' என்று எழுத்தில் வாங்குவதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும். ஒரு பக்கக் காகிதம்தான்.

பொருள் கிடைத்துவிட்டால் ஒழுங்கு இது: தொடாதே, இருக்கும் இடத்திலேயே விடு, ஆட்களை 30 மீட்டர் விலக்கு, யார் யார் தொட்டார்கள், எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுது, அவர்களை வீட்டுக்கு விடாமல் ஓரிடத்தில் உட்கார வை, அங்கே சாப்பிட, புகைக்க விடாதே. 112 அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அங்கிருந்து மாநிலத்துக்கும், மும்பையில் அணுசக்தித் துறையின் நெருக்கடி மேலாண்மைக் குழுவுக்கும் போகும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்களிடம் பயிற்சியும் கருவியும் உண்டு, ஆனால் கும்பகோணம் வரச் சாலையில் பல மணி நேரம் ஆகும். அதுவரை பொறுப்பு கடைக்காரர், காவல் நிலையம், கிராம நிர்வாக அலுவலர் கையில்.

வியாழன் – அணைக்கரை

கீழணையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு குறிப்பைத் தவிர. இங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகும் நீர்தான் குழாயில் சென்னைக்குக் குடிநீராகிறது. டெல்டாவில் நீர் மாதிரி எடுக்க ஒரே ஓர் இடம்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நாங்கள் இதைச் சொல்வோம். அவசரநிலையில் உணவு, பால், குடிநீருக்குச் சர்வதேச முகமை வைத்திருக்கும் செயல்வரம்பு கிலோவுக்கு அயோடின்-131 ஆயிரம் பெக்கரல், சீசியம்-137 இருநூறு பெக்கரல். தாண்டினால் நிறுத்து, மாற்று ஏற்பாடு செய். மாற்றே இல்லை என்றால் தாகத்தில் வாட விடாதே என்பதும் அதே வழிகாட்டலில் உண்டு.

வெள்ளி – நரிமணம், காரைக்கால்

காவிரிப் படுகையின் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள். 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. ஏற்கெனவே உள்ள கிணறுகள் இருக்கின்றன. பாறையின் அடர்த்தியையும் துளைமையையும் அறியக் கிணற்றுக்குள் கருவியை இறக்குவார்கள். அதில் இரண்டு மூலங்கள்: அடர்த்திக்குச் சீசியம்-137, துளைமைக்கு நியூட்ரான் தரும் அமெரிசியம்-பெரிலியம். சீசியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் காலம், 30 ஆண்டு. அமெரிசியத்துக்கு 432 ஆண்டு.

கருவி கிணற்றில் சிக்கிக்கொள்வது இந்தத் தொழிலில் நடப்பதுதான். துளை இடிந்து விழும், அல்லது துளைக்குள் செலுத்தும் சேற்றின் அழுத்தத்தால் கருவி சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது இழுத்த இழுப்பில் கம்பி அறும். அப்போது 'மீன்பிடிப்பு' என்று தொழிலில் சொல்லும் வேலை: நுனியில் பிடிப்பான் மாட்டிய குழாயை இறக்கி, கவ்வி எடுப்பது. அவசரப்பட்டு முரட்டுத்தனமாகத் துளைத்தால் குப்பி உடைந்து, மேலே வரும் சேறு முழுக்கக் கதிரியக்கமாகும். ஆகவே மீன்பிடிக்கும் நேரமெல்லாம் திரும்பி வரும் சேற்றின் பாதையில் மீட்டர் வைத்திருக்க வேண்டும். எடுக்கவே முடியாது என்றால் உலக நடைமுறை: மூலத்தின் மேல் சிவப்புச் சாயம் கலந்த சிமென்ட் அடைப்பு, பின்னாளில் யாராவது துளைத்தால் முனை விலகிப் போக ஒரு தடுப்பு, கிணற்று வாயில் அழியாத தகட்டில் மூலத்தின் பெயர், அளவு, ஆழம், தேதி. சிவப்பு எதற்கு என்றால், மறுபடி யாராவது துளைக்கும்போது மேலே வரும் தூள் சிவப்பாக வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

இந்த மூலங்கள் சாலையில் வருகின்றன. பெட்டியில் ஒட்டிய வெள்ளை அல்லது மஞ்சள் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். மஞ்சள் சீட்டில் 'போக்குவரத்துக் குறியெண்' என்று ஒரு கட்டம். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் மணிக்கு எத்தனை மைக்ரோசீவர்ட் என்று தெரியும். 1 என்று போட்டிருந்தால் 10. விபத்து நடந்த இடத்தில் மீட்டர் அதைவிட மிகக் கூடுதலாகக் காட்டினால் கவசம் உடைந்திருக்கிறது; ஏறக்குறைய அதையே காட்டினால் பெட்டி நன்றாக இருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் அவசரகால அட்டை இருக்க வேண்டும். போக்குவரத்துக் காவலர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

தொலைந்த பொருள் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியா. 2023 ஜனவரியில் சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்கு வரும் 1,400 கிலோமீட்டர் வழியில் ஒரு சீசியம் குப்பி லாரியிலிருந்து விழுந்தது. அளவு 6 மில்லிமீட்டருக்கு 8 மில்லிமீட்டர். வண்டியில் கருவி பொருத்தி மெதுவாக ஓட்டிப் போய் பிப்ரவரி 1 அன்று சாலையோரத்தில் கண்டுபிடித்தார்கள். பாதை தெரிந்ததால் கிடைத்தது. வழியைக் குறித்து வைத்துக்கொள்ளாத லாரி என்றால் தேடவே முடியாது.

சனி – நாகப்பட்டினம், வேதாரண்யம்

2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் அதிக உயிர்களை இழந்தது நாகை மாவட்டம். அன்று கல்பாக்கத்திலும் கடல் நீர் பம்ப் அறைக்குள் வந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆறு ஆண்டு கழித்து, 2011-இல், புகுஷிமாவில் அப்படி முடியவில்லை. இயற்கைப் பேரிடரும் அணு விபத்தும் ஒரே நாளில் சேர்ந்து வரலாம் என்பதை இந்தக் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வேறு. கஜா போன்ற புயலில் சீக்கிரம் கிளம்பியவர் பிழைத்தார். அந்தப் பழக்கம் இங்கே ரத்தத்தில் ஊறியிருக்கிறது. 200 கிலோமீட்டர் தள்ளி நடக்கும் அணு விபத்தில் கிளம்புவது பெரும்பாலும் தவறு. கான்கிரீட் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலை மூடி, மின்விசிறியைவிட முக்கியமாகக் குளிர்சாதனத்தின் வெளிக்காற்று வழியை அடைத்து, ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் சரி. கீற்றுக் கொட்டகையில் இருப்பவர் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகலாம்; தடித்த சுவர் நன்றாகத் தடுக்கும். புகுஷிமாவில் அவசர அவசரமாகப் பேருந்தில் ஏற்றப்பட்ட முதிய நோயாளிகளில் 50-க்கும் மேற்பட்டோர் வழியிலும் அடுத்த நாட்களிலும் இறந்தனர். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு இல்லை. மருந்தும் தண்ணீரும் படுக்கையும் இல்லாத பயணம். மருத்துவமனையும் முதியோர் இல்லமும் கடைசியாக, ஏற்பாட்டோடு, தேவை என்று உறுதியான பிறகே நகர வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பது காற்றையும் மழையையும் பொறுத்தது. வடகிழக்குப் பருவக் காற்று கல்பாக்கத்துப் பக்கமிருந்து டெல்டாவை நோக்கி வீசக்கூடியது. தென்மேற்குப் பருவத்தில் அங்கிருந்து கடலை நோக்கிப் போகும். காற்றில் மிதந்து வருவதை மழை ஒரே இடத்தில் கீழே இறக்கிவிடும். 1986-இல் செர்னோபிலின் சீசியம் பிரிட்டனின் மலைப்புல்லில் மழையோடு இறங்கியதால் அங்கே சில பண்ணைகளின் ஆடுகளுக்கு இருந்த கட்டுப்பாடு 2012-இல்தான் முழுதாக நீங்கியது.

செர்னோபில் விபத்து ஏப்ரல் 26 அன்று நடந்தது. வெளியுலகுக்குத் தெரிந்தது 28 அன்று, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் கருவி கத்திய பிறகு. அந்த மௌனத்துக்குப் பதிலாகத்தான் அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு உடன்படிக்கைகள் வந்தன: விபத்தை உடனே அறிவிக்கும் உடன்படிக்கை, உதவி உடன்படிக்கை. இந்தியா இரண்டிலும் உண்டு. வியன்னாவில் 2005 முதல் சர்வதேச அணுசக்தி முகமையின் அவசரநிலை மையம் ஒன்று இரவும் பகலும் இயங்குகிறது. ஒரு நாடு கேட்டால், பதிவு செய்து வைத்திருக்கும் நாடுகளிலிருந்து அளவீட்டுக் குழு, மருத்துவர், ஆய்வகம் எல்லாம் ஏற்பாடு செய்யும். கேட்காமல் வராது, கேட்டாலும் நாட்கணக்கு. அவர்கள் வகுத்த எண்களை நாம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டாம்.

வேதாரண்யம் உப்பளத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்வது பொருத்தம்: அயோடின் கலந்த சமையல் உப்பு, அணு விபத்தில் தைராய்டைக் காக்கத் தரும் அயோடின் மாத்திரைக்கு மாற்று ஆகாது. 2011-இல் சீனாவில் கடைகளில் உப்பு காலியானது இந்த வதந்தியால்தான். பெரியவருக்கான பொட்டாசியம் அயோடைடு மாத்திரை 130 மில்லிகிராம். அதில் அயோடின் 100 மில்லிகிராம். நம் சமையல் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் இருந்தால் அதே அளவுக்கு ஆறரை கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். அதற்கு முன் உப்பே கொன்றுவிடும். மாத்திரை 3 முதல் 12 வயது வரை பாதி, ஒரு மாதம் முதல் 3 வயது வரை கால், பிறந்த குழந்தைக்கு அரைக்கால். கதிரியக்கக் காற்று வருவதற்கு முந்தைய 24 மணிக்குள், அல்லது வந்து 2 மணிக்குள் போட்டால்தான் முழுப் பயன். 8 மணி வரை ஓரளவு. ஒரு நாள் கழித்துப் போட்டால் கெடுதல். 40 வயதுக்கு மேல் பயன் குறைவு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் முதலிடம். தைராய்டைக் கதிரியக்க அயோடினிலிருந்து காப்பதைத் தவிர வேறு எதற்கும் இது உதவாது. சீசியத்துக்கும் கோபால்ட்டுக்கும் எதிராக ஒன்றும் செய்யாது. அரசு சொல்லாமல் போடாதீர்கள்.

ஞாயிறு – திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி

தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட். டெல்டா மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண் இதுதான். மனிதனுக்கு இதனால் உடனடிக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த இடத்துப் பாலையும் கீரையையும் மழைநீரையும் அளக்கும்வரை பயன்படுத்தாதே என்பதற்கான எல்லை அது. இயல்பைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு.

முதலில் பால். புல்லில் படிந்த அயோடின்-131 மாடு தின்ற சில மணியிலேயே பாலில் தோன்றி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். செய்தி வந்த உடனே மாட்டை மேய்ச்சலிலிருந்து பிடித்துக் கொட்டிலில் கட்டுங்கள், வைக்கோல் போடுங்கள். வைக்கோல்போர் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறது. மேலுறையை ஒரு சாண் ஆழத்துக்குத் தனியே உருவி ஒதுக்கிவிட்டு உள் வைக்கோலைக் கொடுக்கலாம். முன்னெச்சரிக்கை கிடைத்தால் போரின் மேல் தார்ப்பாய். தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, குளத்திலிருந்து அல்ல. அயோடினின் அரை ஆயுள் 8 நாள் என்பதால் அளவு தாண்டிய பாலைக் கொட்ட வேண்டியதில்லை. பவுடராக்கி இரண்டு மூன்று மாதம் வைத்தால் அயோடின் போய்விடும். சீசியம் இருந்தால் இந்த வழி பலிக்காது, ஆகவே முதலில் எது இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

நெல்லுக்குப் பருவம்தான் எல்லாம். நாற்றங்கால் நேரத்தில் படிந்தால் பெரும்பகுதி மண்ணுக்குப் போகும். வண்டல் களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். நெற்கதிர் முற்றிய நேரத்தில் படிந்தால் நேராக உமியில். குறுவை அறுவடை முடிந்து சாலையில் நெல் காயும் நாளும், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பங்கள் திறந்த வெளியில் கிடக்கும் நாளும்தான் மோசமான நாட்கள். அறிவிப்பு வந்தால் காயும் நெல்லைக் கூட்டி மூடுங்கள். ஏற்கெனவே மழைக்கு வைத்திருக்கும் தார்ப்பாயே போதும். படிவுக்கு முன் அறுத்து மூடியது, பின் அறுத்தது என்று இரண்டையும் கலக்காமல் தனித்தனி அடுக்கு. கலந்துவிட்டால் முழுதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும், விற்க முடியாது.

அடுத்த பருவங்களுக்கு வழி உண்டு, அது பொட்டாஷ். செடி பொட்டாசியத்தையும் சீசியத்தையும் வேறுபடுத்தி எடுப்பதில் அவ்வளவு தேர்ந்ததில்லை. மண்ணில் பொட்டாசியம் நிறைய இருந்தால் சீசியம் குறைவாக ஏறும். புகுஷிமா விவசாயிகள் 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராம் பொட்டாஷ் என்ற இலக்கை வைத்து உரமிட்டார்கள். சீசியம் அதிகம் தங்குவது தவிட்டில். தீட்டிய அரிசியில் குறைவு. 2012 முதல் சில ஆண்டுகள் அந்த மாகாணத்தின் அரிசி முழுவதும், ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை, மூட்டை மூட்டையாக அளக்கப்பட்டது. வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். நுகர்வோர் நம்பிக்கை திரும்பியது அந்த ஸ்டிக்கரால்தான். நம்மிடம் அந்த வரிசை ஏற்கெனவே இருக்கிறது: கொள்முதல் நிலையத்தில் ஒவ்வொரு சிப்பமும் எடை மேடையைத் தாண்டியே போகிறது. அளவி வைக்க வேண்டிய இடம் அந்த மேடைதான்.

மாதிரி எடுக்கும் முறை: நெல் இரண்டு கிலோ, பால் இரண்டு லிட்டர், தண்ணீர் ஐந்து லிட்டர், புல் என்றால் ஒரு சதுர மீட்டரில் தரைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே அறுத்தது, மண் என்றால் மேல் ஐந்து சென்டிமீட்டர். ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கத்தி, அல்லது கழுவித் துடைத்த கத்தி; தனிக் கையுறை. இரட்டைப் பிளாஸ்டிக் பை. சீட்டு இரண்டு பைக்கும் நடுவில், பென்சிலில் எழுதியது, பேனா மை ஈரத்தில் கலையும். ஊர், சர்வே எண், எடுத்த தேதி, மணி, எடுத்தவர். மணியை விட்டுவிட்டால் அயோடின் எண்ணுக்கு அர்த்தமில்லை, எட்டு நாளில் பாதி போய்விடும். மீட்டர் காட்டியதையும் அதே சீட்டில் எழுதுங்கள், உயரத்தோடு. பாலைப் பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புங்கள்; திரிந்துபோனால் ஆய்வகக் குவளையில் சமமாக நிரம்பாது, எண் பிசகும்.